கூடத்திற்கு வரும் பால்மரம்

தீபாவளி நெருங்கினால் பாலிக் புலாவ் குடும்பங்கள் மலை வளைவுச் சாலையைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குத் தளவாடம் வாங்கப் புறப்படுவதுண்டு. கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டி, "அசல் ரப்பர் மரம், அம்மா!" என்பார். அந்த மரத்தை அவரைவிட நம்மவர்க்கல்லவா நன்றாகத் தெரியும்! நம் பெற்றோரும் பாட்டன்மாரும் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய மரமாயிற்றே அது.

சுமார் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்தபின் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். அக்காலத்தில் அது அடுப்புக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாகத்தான் போயிற்று. காரணம், அதில் மாவுச்சத்து மிகுதி; வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். பிற்பாடு போரான் மருந்தை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவிற்று. 1980களில் ரப்பர் மரத் தளவாடம் கப்பலேறத் தொடங்கியது. ஜொகூரின் மூவார் நகரம் இன்று தளவாடத் தொழிலுக்கே பெயர் பெற்றது. விறகென்று ஒதுக்கியதை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம், பாருங்கள்!

வாங்குமுன் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. அடிப்புறத்தில் ஊசித்துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் தொடவேண்டாம், வண்டு குடியிருக்கிறது. சிறு துண்டுகளை, விரல்களைக் கோத்தாற்போல, இணைத்திருப்பது குறையன்று. இம்மரத்தில் நீளப் பலகை கிடைப்பது அரிது. ஆனால் கால்கள் மட்டும் மரமாக, மற்றவை தாள் ஒட்டிய மரத்தூள் பலகையாக இருப்பதும் உண்டு. ஈரம் பட்டால் அது உப்பிவிடும். ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை சரியாகப் பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு அது ஆகாது.

ஆசிரியர் தொழிலில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சோபாவோடு சேர்த்துத் தரும் குட்டை மேசையைக் கண்டு மயங்காதீர்கள். பிள்ளைகள் அதில்தான் முதுகு வளையக் குனிந்து பாடம் எழுதுகிறார்கள். பெரிய சோபாவை விட்டு, இரண்டு நாற்காலியும் உயரமான மேசை ஒன்றும் வாங்குங்கள் என்பேன். விருந்தாளி கோபித்துக்கொள்ளமாட்டார்.

அடுத்து, தவணை. "மாதம் 130 வெள்ளிதான்" என்ற பேச்சில் மொத்தத் தொகை மறைந்துவிடுகிறது. ரொக்கத்துக்கு 3000 வெள்ளி விலையுள்ள சோபா. முன்பணம் 300, பிறகு 24 மாதம் 130 என்று வையுங்கள். கூட்டினால் 3420 வெள்ளி! கையெழுத்துப் போடுமுன் இந்தக் கணக்கைப் பிள்ளையிடமே கொடுத்துப் போடச் சொல்லலாம். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் செய்த ஒப்பந்தமானால், ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் தவணை கட்டியவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின்றிப் பொருளைக் கொண்டுபோக முடியாது. லாரியைக் கண்டு அஞ்சி, நீங்களே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ரசீதில் மரத்தின் பெயரையும், மலை தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கும் கூலியையும் எழுதி வாங்குங்கள். பழுதான பொருளுக்குக் கடை பொறுப்பேற்க மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.