நீரிழிவும் குறிப்பேடும்

நோய் இருவகைப்படும். சின்னாள் வருத்தி நீங்குவது ஒன்று. வந்தபின் வாழ்நாள் முழுதும் உடனுறைவது மற்றொன்று. முன்னதற்கு மருந்தும் பொறுமையும் போதும். பின்னதற்கோ நாடோறும் தவறாத ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்கிற்குக் கையால் எழுதிய பட்டி எங்ஙனம் துணையாகின்றதென்பதை, பன்னிரண்டாம் வயது முதல் யாம் உடன்கொண்டு வாழும் நீரிழிவை எடுத்துக்காட்டாக வைத்து ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எம்மைப் பற்றியது நீரிழிவின் முதல் வகை. இதில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் நுண்ணணுக்கள் அழிந்துபடுகின்றன. இன்சுலின் இன்றேல் குருதியிலுள்ள சர்க்கரை உடலுக்குப் பயன்படாது. முற்காலத்தில் இந்நோய்வாய்ப்பட்ட சிறார் நெடுநாள் பிழைத்திலர். 1921-ம் ஆண்டில் கனடா தேசத்து டொரொண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922-ம் ஆண்டு ஜனவரித் திங்களில் லியோனார்டு தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. அன்று தொட்டு உயிர் பிழைத்தது. ஆயின் மருந்தை நாடோறும் அளந்து இட்டுக்கொள்ளும் பொறுப்பு நோயாளியின் கையில் வந்து சேர்ந்தது.

அப்பொறுப்பு எத்துணைப் பெரிதென்பதை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நோயாளரைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி காட்டிற்று. நாளொன்றுக்கு நான்கு முறையேனும் சர்க்கரையை அளந்து, அதற்கேற்ப மருந்தை வகுத்துக்கொண்டோர்க்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதும் குறைந்தது.

இனி, நினைவாற்றல் ஒன்றே இதற்குப் போதாதோ எனின், போதாது. நாடோறும் ஒரே வேளையில் ஒரே வகையாகச் செய்யும் செயல்களுள் இன்று செய்தது எது, நேற்றுச் செய்தது எது என்று மனம் பிரித்தறிய மாட்டாது. தேர்வுக்கு முந்திய இரவொன்றில், ஊசி இட்டுக்கொண்டோமோ இல்லையோ என்று ஐயுற்று, மீண்டும் ஒருமுறை இட்டுக்கொண்டோம். நள்ளிரவில் மெய் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிற்று. அறைத்தோழர் விழித்தெழுந்து சர்க்கரை கரைத்துக் கொடுத்தமையால் உய்ந்தோம். மறுநாளே குறிப்பேடு வாங்கினோம்.

அதில் நான்கு பட்டிகள் உள. முதலாவது நாட்பட்டி. வேளை, சர்க்கரை அளவு, உணவு, மருந்து, பிற குறிப்பு என ஐந்து கட்டங்கள். இட்டலி இத்தனை, விளையாட்டு இவ்வளவு நேரம், காய்ச்சல் உண்டு என்பனவும் எழுதப்படும். ஊசி இட்டவுடனே குறித்தல் விதி. குறியின்றி ஐயம் நேரின், மறுபடி இடாது முதற்கண் சர்க்கரையை அளந்து பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது இருப்புப்பட்டி. ஊசி, சோதனைத்தாள், மருந்துப்புட்டி ஆகியவற்றின் கணக்கு இது. திறந்த இன்சுலின் புட்டியுட் பல ஏறத்தாழ 28 நாளே பயன்படுமாதலின், திறந்த நாளும் குறிக்கப்படும். மூன்றாவது, மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள். அவர் முன் சென்று அமர்ந்த அளவில் மறந்துபோவன பல அன்றோ?

நான்காவதே தலையாயது, சட்டைப்பையில் இருப்பது. "சர்க்கரை 70-க்குக் குறையின் 15 கிராம் சர்க்கரை உட்கொள்க, 15 நிமிஷம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க, நினைவிழப்பின் வாயில் ஒன்றும் ஊற்றாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க" என்பது அதன் வாசகம். சர்க்கரை குறையின் மூளை மயங்கும். மயங்கிய மூளை யாது செய்வதென அறியாது. ஆதலின், தெளிந்த வேளையில் யாமே மயங்கும் வேளைக்குக் கட்டளை எழுதி வைக்கின்றோம். அயலாரும் அதைப் படித்து உதவலாம்.

இடையறாது அளக்கும் கருவிகளும் கைப்பேசிக் கணக்குகளும் இந்நாளில் வந்துள்ளன. அவற்றை இகழோம். எனினும் கருவி தானே குறித்துக்கொள்கின்றது, கையோ எழுதும்போது சற்றே நின்று, "இவ்வளவு ஏன் ஏறிற்று?" என்று வினவுகின்றது.

ஈண்டு ஒரு பிழையை மறைத்தல் தகாது. மருத்துவர் கடிந்துகொள்வரென்று அஞ்சி, ஒருகாலத்தில் யாம் பொய்யெண்களை எழுதினோம். எழுதாத ஏட்டினும் பொய்யெழுதிய ஏடு கொடிது. அதனைக்கொண்டே மருந்தின் அளவு வகுக்கப்படும். ஏறிய எண் குற்றமன்று, இறங்கிய எண் புண்ணியமுமன்று. இரண்டும் செய்தியே என்று உணர்ந்தபின்னரே குறிப்பேடு எமக்கு நண்பனாயிற்று.

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு உறுப்புக்களை வகுத்தார். இல்லம் விட்டு விடுதியில் உறையும் மாணவர்க்கு அந்நான்காமவர் அரியர். அவ்விடத்தை ஒருசிறிது நிரப்புவது இக்குறிப்பேடு. எஞ்சியதை நிரப்பினவர் அன்றிரவு விழித்தெழுந்த தோழர். இரண்டையும் அருளிய இறைவனுக்கு நன்றி கூறி, நெடுநோயுடன் கல்வி பயிலும் நண்பர் எவரேனும் இதைப் படிப்பாராயின், இன்றே ஓர் ஏடு தொடங்குமாறு வேண்டி அமைகின்றோம்.