பழுப்பு ரொட்டியெல்லாம் முழுக்கோதுமை ஆகாது

கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உள்ளன: மேலே பல அடுக்குகளாகப் போர்த்தியிருக்கும் தவிடு, அடிமுனையில் ஒட்டியிருக்கும் முளைக்கரு, உள்ளே நிறைந்திருக்கும் மாவுப்பகுதி. எடையில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேலாக இருப்பது மாவுப்பகுதியே என்றாலும், நார்ச்சத்தும், பி வகை வைட்டமின்களும், இரும்பு, மக்னீசியம், துத்தநாகம் போன்ற தாதுக்களும் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலுமே செறிந்துள்ளன. இவ்விரண்டையும் நீக்கி அரைத்த மைதாவில் வெள்ளை ரொட்டியும், மணியை முழுதாக அரைத்த மாவில் முழுக்கோதுமை ரொட்டியும் செய்யப்படுகின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகு உருளை ஆலைகள் பரவியபோது, தவிட்டையும் கருவையும் துப்புரவாகப் பிரித்தெடுப்பது எளிதாயிற்று. கருவிலுள்ள எண்ணெய் விரைவில் காறிவிடும் என்பதால், அது நீங்கிய மாவு நெடுநாள் கெடாமல் இருந்தது. வெள்ளை ரொட்டி மலிந்ததில் மக்களின் விருப்பத்துக்கு நிகராக வணிகத்தின் வசதிக்கும் பங்குண்டு.

100 கிராம் வெள்ளை ரொட்டியில் சுமார் 2.5 கிராம் நார்ச்சத்து இருக்க, அதே எடையுள்ள முழுக்கோதுமை ரொட்டியில் 6 முதல் 7 கிராம் வரை இருக்கிறது. மலச்சிக்கலைத் தவிர்க்கவும், வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கவும் துணைபுரிவது இந்த வேறுபாடே. ஆனால் இரண்டின் கலோரி அளவும் ஏறக்குறைய ஒன்றே. உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை அளக்கும் கிளைசெமிக் குறியீட்டிலும், மாவு மிக நைசாக அரைபடுவதால், இரண்டும் 75ஐ ஒட்டியே நிற்கின்றன. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் முழுக்கோதுமை என்ற பெயரை நம்பித் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது தவறு.

வெள்ளை ரொட்டியை நஞ்சென்று தூற்றுவதும் மிகையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியின் அநாதை இல்லங்களில் ஊட்டக்குறைவுற்றிருந்த குழந்தைகளுக்கு வெவ்வேறு வகை மாவில் செய்த ரொட்டியைக் கொடுத்து, ஊட்டச்சத்து ஆய்வாளர்களான எல்சி விட்டோசனும் ராபர்ட் மெக்கான்ஸும் ஆராய்ந்தபோது, எல்லாக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் நன்கு வளர்ந்தன. அக்குழந்தைகளுக்குக் காய்கறிகளும் சேர்த்தே வழங்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. மேலும், தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பு, கால்சியம் போன்ற தாதுக்களைப் பிணைத்து, உடல் அவற்றை ஏற்பதைக் குறைக்கிறது. மாவை ஈஸ்டு சேர்த்து நன்கு புளிக்கவிடும்போது அந்த அமிலத்தின் ஒரு பகுதி சிதைகிறது.

வாங்குவோரை ஏமாற்றுவது பெரும்பாலும் நிறமே. மைதா ரொட்டியும் கேரமல் நிறமி சேர்த்தால் பழுப்பாகிவிடும். வெறுமனே ‘கோதுமை’ என்று உறையில் எழுதுவதும் போதாது, ஏனெனில் மைதாவும் கோதுமையே. சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், பட்டியலின் முதலிடத்தில் முழுக்கோதுமை மாவு இருக்கிறதா, அதன் விழுக்காடு எவ்வளவு, சர்க்கரையும் உப்பும் எந்த அளவில் உள்ளன என்பவற்றைப் பார்ப்பதே சரியான தேர்வு முறை.

காய்ச்சலின்போது மட்டும் பாலில் நனைத்து இரண்டு துண்டு உண்பவருக்கு, நார் குறைந்து எளிதில் செரிக்கும் வெள்ளை ரொட்டியே ஏற்றது. இலங்கையில் பாண் எனப்படும் ரொட்டியை அன்றாட உணவாகக் கொண்டோரைப்போல நாள்தோறும் உண்பவர்கள் முழுக்கோதுமைக்கு மாறுவது நல்லது. அதனோடு பருப்பும் காய்கறியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.