மெயின் சுவிட்சை அணைத்த பிறகு

கரோல் பாக்கில் பாங்க் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு உண்டு. பெயரில்தான் வங்கி, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நகைக்கடைகள். முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது அங்கே நகை வாங்குவதைவிடக் காரை நிறுத்த இடம் தேடுவது கடினம். அடித்தள வாகன நிறுத்துமிடம் உள்ள வளாகம் கண்ணில் பட்டால் நிம்மதியாக இறங்கிவிடுகிறோம். காரைப் பூட்டிவிட்டு மின்தூக்கியை நோக்கி நடக்கும் அந்த வேளையில் மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜெனரேட்டர்தான் இருக்கிறதே!

மின்வெட்டுக்கு அந்த நம்பிக்கை போதும், தீவிபத்துக்குப் போதாது. தீப்பிடித்த கட்டிடத்தில் முதலில் செய்யப்படும் காரியமே மின்சாரத்தைத் துண்டிப்பதுதான். குளிர்சாதனங்களும் புகையை வெளியேற்றும் விசிறிகளும் ஒரே இணைப்பில் ஓடினால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும். ஆகவே, மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் எவை இயங்கும் என்று கேட்டறிவதே பயனுள்ளது.

இதன் விலையை டெல்லி 1997 ஜூன் 13 அன்று கொடுத்தது. கிரீன் பார்க் பகுதியின் உப்ஹார் திரையரங்கில் கார் நிறுத்துமிடமும் மின்மாற்றி அறைகளும் தரைத்தளத்தில் அடுத்தடுத்து இருந்தன. அன்று காலையில் ஒரு மின்மாற்றி தீப்பற்றியது; அவசரமாகப் பழுது பார்த்து மீண்டும் இயக்கினர். மாலை 5 மணியளவில் அதே மின்மாற்றியிலிருந்து கசிந்த எண்ணெய் எரிந்தபடியே நிறுத்துமிடத்துக்குள் பரவ, கார்கள் பற்றிக்கொண்டன. புகை படிக்கட்டு வழியாக மேலேறி மாடி இருக்கைப் பகுதியை நிறைத்தது. மின்சாரம் போயிற்று, அவசர விளக்குகள் இல்லை, வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் வழியில்லை. 59 பேர் உயிரிழந்தனர். தீ அவர்களை நெருங்கவேயில்லை. மூச்சுத்திணறலே அவர்களைக் கொன்றது.

கால் நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. கரோல் பாக்கிலேயே, 2025 ஜூலை 4 மாலை பதம் சிங் சாலையில் ஒரு பேரங்காடி தீப்பிடித்தது. இருவர் இறந்தனர். அவர்களுள் ஒருவர், போட்டித்தேர்வுக்குப் படித்துவந்த 25 வயது இளைஞர், மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டவர். மூச்சு முட்டுகிறது என்று உள்ளிருந்தபடியே தம் அண்ணனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். மின்சாரம் துண்டிக்கப்பட்டதால்தான் மின்தூக்கி நின்றது என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு.

விதிகள் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, தன் நான்காம் பகுதியில் தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. தீயணைப்பு நீரேற்றிகள், புகை வெளியேற்றும் அமைப்பு, தீயணைப்பு வீரர்களுக்கான மின்தூக்கி, வழிகாட்டும் விளக்குகள், அபாய மணி, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு அவசர மின்சாரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இவற்றுக்கான இணைப்புகள் முதன்மை மின்பலகையிலிருந்தே தனியாகப் பிரிந்து, தனித்தனிக் குழாய்களில் செல்ல வேண்டும். ஒன்றில் பற்றிய தீ மற்றொன்றைத் தொடக் கூடாது. வெளியேறும் வழியின் அவசர விளக்குகள் குறைந்தது 90 நிமிடங்கள் எரிய வேண்டும். தீயணைப்பு மின்தூக்கி மாற்று மின்சாரத்துக்குத் தானாக மாற வேண்டும். அவ்வாறு மாறாவிடில் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்தபடி நிற்க வேண்டும்.

அடித்தளத்துக்குச் சன்னல் இல்லை என்பதை மறக்கலாகாது. தீயின்போது அங்குள்ள காற்று மணிக்கு 12 முறை முழுமையாக மாற்றப்பட வேண்டும் என்பது கணக்கு. 1,000 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள சிறிய நிறுத்துமிடத்துக்கே மணிக்கு 36,000 கன மீட்டர் காற்றை விசிறிகள் வெளியேற்றியாக வேண்டும். ஒற்றைக் கார் எரிந்தாலும் புகை சில நிமிடங்களில் கூரையிலிருந்து ஆள் உயரத்துக்கு இறங்கிவிடும். விசிறி நின்றால், எத்தனை வாயில்கள் இருந்தும் அவற்றைக் கண்ணால் காண இயலாது.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதும் சிறிய விஷயமன்று. மேலே வாடகைக்கு விடக்கூடிய இடத்தை அதற்கு ஒதுக்க உரிமையாளருக்கு மனம் வருவதில்லை. அடித்தளத்தின் ஒரு மூலைக்கு அது தள்ளப்படுகிறது. கரோல் பாக்கை ஒட்டிய பழைய ராஜேந்திர நகரில் 2024 ஜூலை 27 அன்று மழைவெள்ளம் ஓர் அடித்தளத்துக்குள் பாய்ந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவரைப் பலிகொண்டது. வாகன நிறுத்தத்துக்கும் பொருள் சேமிப்புக்கும் மட்டுமே அனுமதி பெற்ற இடம் நூலகமாக நடத்தப்பட்டிருந்தது. அவ்வளவு விரைவாக நீர் நிறையும் பகுதியில், நீரை இறைக்கும் மோட்டாரின் மின்பலகையும் அடித்தளத் தரையை ஒட்டியே இருந்தால் அது எவ்வளவு நேரம் தாங்கும்?

டெல்லிவாசிகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2023 அக்டோபர் முதல், தலைநகர்ப் பகுதியில் இரட்டை எரிபொருளுக்கு மாற்றப்படாத, மாசு குறைக்கும் கருவி பொருத்தப்படாத பழைய டீசல் ஜெனரேட்டர்களை இயக்கக் காற்றுத்தர மேலாண்மை ஆணையம் கட்டுப்பாடு விதித்துள்ளது. செலவைக் கண்டு தயங்கிச் சிலர் இயந்திரத்தை அப்படியே பூட்டி வைக்கக்கூடும். நல்ல காற்றும் வேண்டும், அவசர மின்சாரமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடுவதை ஏற்பதற்கில்லை. வளாகச் சங்கங்கள் பராமரிப்பு நிதியில் இதற்கெனத் தனித்தொகை ஒதுக்குவதே முறை.

கடையோ வீடோ வாங்கக் கடன் பெறும் வாடிக்கையாளர்கள் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கூர்ந்து பார்க்கின்றனர். தீப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவைப்படும் கட்டிடமாயின் அதன் தேதியையும் பார்க்கலாம்: டெல்லியில் அது குடியிருப்புகளுக்கு 5 ஆண்டுகளும் வணிகக் கட்டிடங்களுக்கு 3 ஆண்டுகளும் செல்லும். அதன்பின், பராமரிப்பாளரை உடன் வைத்துக்கொண்டு, மின்தூக்கியில் ஆள் இல்லாத நேரத்தில், பொது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அடித்தளத்தில் நின்று பாருங்கள். எந்த விளக்கு எரிகிறது, எந்த விசிறி சுழல்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். மேலே வரும்போது மின்பலகையையும் ஒரு முறை நோக்குங்கள். அவசர இணைப்புகளின் சுவிட்சுகளில் தெளிவான பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும் என்கிறது விதி. இரவுக் காவலர் படிக்கக்கூடிய மொழியில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்பதை நீங்கள்தாம் பார்க்க வேண்டும்.