தேயிலை மலையில் செபியா படம்

உலகப் புகைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் விடமுடியாத ஒரு பெயர் ஜூலியா மார்கரெட் கெமரன். அவர் அடக்கமாகியிருப்பது பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயரெடுத்து, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். இங்கே இருந்த காலத்தில் களுத்துறையில் தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் படம் எடுத்திருக்கிறார். மிஞ்சியவை மிகச் சில.

அந்தப் படங்களின் பழுப்பு நிறம் வயதால் வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பாதிதான் சரி. அக்காலத் தாளில் முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் கலந்து பூசியிருப்பார்கள். அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் மிதக்கவிட்டு எடுத்து, கண்ணாடி நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாகவே தோன்றும். தோன்றும்போதே அது செம்பழுப்புத்தான். தங்கக் குளோரைட்டில் தோய்த்தால் கொஞ்சம் ஊதாச் சாயல் ஏறும். காலம் செய்தது பெரும்பாலும் வெள்ளைப் பகுதிகளை மஞ்சளாக்கியதுதான். கொழும்பிலிருந்த ஸ்கீன் கம்பனியும் கண்டியிலிருந்த ஸ்கோவன் கம்பனியும் எடுத்த பழைய தோட்டப் படங்களும் இந்த வகைதான்.

செபியா என்று நாம் இன்று சொல்வது அதற்குப் பின்னால் வந்த முறை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். பொட்டாசியம் ஃபெரிசயனைட்டும் பொட்டாசியம் புரோமைட்டும் கலந்த கரைசலில் படத்தைப் போட்டால் அந்த வெள்ளி வெள்ளிப் புரோமைட்டாக மாறி, படம் வெளிறி மங்கிய மஞ்சளாகிவிடும். நன்றாகக் கழுவிச் சோடியம் சல்பைட்டில் போட்டதும், போன படம் பழுப்பில் திரும்பி வரும். இப்போது தாளில் இருப்பது வெள்ளி சல்பைட். வெறும் வெள்ளியைவிட இது காற்றின் அழுக்கையும் ஈரத்தையும் தாங்கும். அதனால் செபியா ஏற்றிய படம் நெடுநாள் நிற்கும். சல்பைட் கரைசல் அழுகிய முட்டை போல் நாறும். அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, அமிலத்தை அருகில் வைக்காமல் செய்ய வேண்டும்.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளுக்கும் கரைசலில் முதலில் வெளிறுவது படத்தின் வெளிச்சப் பகுதிகள். இருண்ட பகுதிகள் கடைசியில்தான் வெளிறும். நல்ல அச்சாளர் பாதியில் எடுத்துவிடுவார். அப்போது வெளிச்சப் பகுதிகளும் நடுத்தர நிறங்களும் பழுப்பாகும், நிழல்கள் கறுப்பாகவே நிற்கும். பழைய செபியா படங்கள் சிலவற்றில் நம்மைக் கவரும் ஆழம் இப்படி வந்ததுதான். கைபேசிச் செயலிகளின் ஆயத்த செபியா வடிகட்டி மேலிருந்து கீழ்வரை ஒரே செம்மஞ்சளைப் பூசிவிடுகிறது. படம் தட்டையாகத் தெரிய அதுதான் காரணம்.

தேயிலைச் சாயத்திலும் படத்தைத் தோய்க்கலாமே என்று மலையகத்தில் யாருக்கும் தோன்றும். தோய்க்கலாம். ஆனால் விளைவு வேறு. கறுப்பு வெள்ளிப் படம் அப்படியே இருக்கும். சாயத்திலுள்ள தனின் தாளில்தான் ஏறும். வெள்ளை இடங்கள் பாலாடை நிறமாகும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பிளாஸ்டிக் பூசாத புகைப்படத் தாளில் இது அழகாகப் பிடிக்கும். இன்க்ஜெட்டில் அச்சிட்ட படத்தை நனைத்துவிடாதீர்கள், மை கலைந்துவிடும்.

இன்றைய மலையகத்தைச் செபியாவில் எடுக்க விரும்பினால், நிறத்துக்கு முன்னால் இன்னொன்றைத் தீர்மானிக்க வேண்டும்: உங்கள் கறுப்பு வெள்ளை எந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை? கெமரன் காலத்துக் கண்ணாடித் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அதற்கு இருட்டு. ஆகவே அன்றைய படங்களில் வானம் மேகமே இல்லாத வெறும் வெள்ளை. தேயிலைச் செடி கரும்பச்சை தாண்டி ஏறக்குறைய கறுப்பு. நெற்றிக் குங்குமம் கரும்புள்ளி. சிவப்புச் சேலை கறுப்பாகவும் நீலச் சேலை வெளிறியும் விழும். லைட்ரூம் போன்ற செயலியில் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீலத்தை ஏற்றி, சிவப்பு, மஞ்சள், பச்சையை இறக்கினால் இந்தப் பார்வை கிடைக்கும். நுவரெலியாவின் செங்கல் தபால் நிலையத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: செங்கற்சுவர் இருண்டு, வெள்ளைச் சட்டங்கள் எடுத்து நிற்கும். அக்கட்டடத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஆனால் இளங்கொழுந்தின் மினுக்கம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் எதிர்த்திசையில் போங்கள். மஞ்சளையும் பச்சையையும் ஏற்றினால் கவ்வாத்து முடிந்து துளிர்த்த மலை ஒளிவிடும். இரண்டையும் ஒரே படத்தில் எதிர்பார்க்க முடியாது.

வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும்? பனிமூட்டம் அழகுதான், ஆனால் நிழலும் வெளிச்சமும் பிரிந்து நிற்காத படத்தில் பழுப்பு ஏற்றினால் எல்லாம் சேறாகிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் காலை வெயில் தெளிவாக விழும். சூரியன் தாழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் ஒவ்வொரு தேயிலை வரிசைக்கும் தனித்தனி நிழல் கிடைக்கும். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது உள்ளே போய்விடலாம். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளான ஸ்டோர்களில் கொழுந்து வாட்டும் மாடியும் ரோலர் மேசையின் பித்தளையும் ஜன்னலோர வெளிச்சத்தில் செபியாவுக்கென்றே செய்தவை போலிருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கிடைக்கவில்லையென்றால், கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகமாகிவிட்ட பழைய தொழிற்சாலையில் அந்த இயந்திரங்களைப் பார்க்கலாம்.

ரயில் பாதையும் வளமான இடம். ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தது. கைகாட்டி மரங்களும், ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகும் டேப்லட் வளையத்தைக் கை மாற்றும் வழக்கமும் இந்தப் பாதையில் நெடுங்காலம் நீடித்தவை. டேப்லட் வளையம் பிடித்த கை, பின்னால் மங்கலாக ரயில் பெட்டி. அவ்வளவு போதும். சட்டத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளியோ தண்ணீர்த் தாங்கியோ சற்லைட் டிஷ்ஷோ இருந்தால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். பின்னர் அழிப்பதைவிட, இரண்டடி நகர்ந்து நின்று எடுப்பது மேல்.

வேலையின் வரிசை இதுதான். வண்ணத்தில், முடிந்தால் ரோ கோப்பாக எடுங்கள். முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, பழுப்பே இல்லாமல் அது தன் காலில் நிற்கும்வரை வெளிச்சத்தையும் நிழலையும் சரிசெய்யுங்கள். மோசமான கறுப்பு வெள்ளையைப் பழுப்பு காப்பாற்றாது. பிறகு வெளிச்சப் பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பை 10 முதல் 20 சதவீதச் செறிவில் ஏற்றி, நிழலை விட்டுவிடுங்கள். உச்ச வெள்ளையைச் சிறிது மங்கலாக்குங்கள். கீறல், கறை, கிழிந்த விளிம்பு என்று செயலி தரும் செயற்கைப் பழைமை வேண்டாம். அன்றைய படப்பிடிப்பாளர்கள் கீறலில்லாத படத்துக்காகத்தான் பாடுபட்டார்கள்.

நிறத்தைவிடப் பெரிதாக நான் கருதுவது எதைச் செபியாவில் காட்டுகிறோம் என்பதை. பழுப்பு நிறம் பார்ப்பவரிடம் 'இது முடிந்துபோன காலம்' என்று சொல்கிறது. கைவிட்ட பங்களாவுக்கும் நின்றுபோன இயந்திரத்துக்கும் அது உண்மை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு உண்மையல்ல. ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே, அந்தக் காம்பிராக்களில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைப் பதிவுக்கு, போகும் அக்கா இன்றைய சம்பளத்துக்குப் போகிறார். அவரைப் பழுப்பாக்கினால் இன்றைய கஷ்டம் அன்றைய அழகாக மாறிவிடுகிறது. அவர்களை வண்ணத்தில் எடுங்கள், கேட்டு எடுங்கள், அச்சிட்டு ஒரு பிரதியை வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். தாத்தாவும் பாட்டியும் போல் உடுத்தி, வாசலில் நாற்காலி போட்டு, அவர்களே விரும்பி உட்கார்ந்தால் அது வேறு. அது அவர்கள் விளையாட்டு, தாராளமாகச் செபியாவில் எடுக்கலாம்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய படங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கென்று எடுத்த சின்னஞ்சிறு முகங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன. ஸ்கேன் செய்யும்போது அவற்றைப் பழுப்பாக்க வேண்டாம். வண்ண ஸ்கேனாகவே எடுத்து, கறையும் முத்திரையும் பின்பக்க எழுத்தும் உள்ளபடி ஒரு மூலப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கெமரன் இங்கிலாந்தில் எடுத்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்தவர்களில் பலர் பெயரில்லாமலே நின்றுவிட்டார்கள். நீங்கள் அச்சிடும் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், தோட்டம், டிவிஷன், எடுத்த திகதி எல்லாம் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். செபியா படமென்றால் ஆண்டை மறக்காமல் போடுங்கள், பின்னால் பார்ப்பவர் அதை நூறாண்டுப் பழைய படமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்ட வைத்த படம் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட்டு, அடுப்புப் புகை படாத உட்சுவரில் மாட்டுங்கள்.