பருத்திமார் மண்ணுக்குள் போகும் வழி

கடைசிப் பறிப்பும் முடிந்த பருத்திக் காட்டில் எஞ்சி நிற்கும் மார், ஆடுகள் இலை தழைகளை மேய்ந்தபின் வெறும் குச்சியாகிவிடுவதாலும், காய்ப்புழு அதில் தங்கி அடுத்த பயிருக்குத் தாவும் என்பதாலும், பல இடங்களில் பிடுங்கிக் குவித்துத் தீயிடப்படுகிறது. செடி தன் வாழ்நாளெல்லாம் காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்த கார்பன் ஏறத்தாழ முழுவதும் சிறிது நேரத்தில் காற்றுக்கே திரும்ப, வயலுக்குச் சாம்பல்தான் மிஞ்சுகிறது. அதே மாரை, முழுமையாக எரிவதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கருக்கினால் அந்தக் கார்பனில் ஏறக்குறைய பாதி கரியாகத் தங்கிவிடும். வெப்பச் சிதைவு எனப்படும் இம்முறையில், மண்ணில் இடுவதற்கென்றே ஆக்கப்படும் கரிதான் பயோசார் என்னும் உயிரிக்கரி.

சாதாரணத் தாவரக் கழிவு மண்ணில் சில ஆண்டுகளிலேயே மட்கி மறைய, இக்கரி நூற்றாண்டுக் கணக்கில் நிலைப்பதற்குக் காரணம், வெப்பத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறியபின் கார்பன் அணுக்கள் அறுகோண வளையங்களாக ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதும், அப்பிணைப்பை நுண்ணுயிரிகளால் எளிதில் உடைக்க முடியாமையும் ஆகும். அமேசான் படுகையில், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பழங்குடி மக்களின் குடியிருப்புகளை ஒட்டி உருவான ‘டெர்ரா பிரேட்டா’ என்னும் கருமண், இன்றும் கரியும் வளமும் குன்றாமல் இருப்பது இதற்கு வலுவான சான்று. நான்கில் மூன்று பங்கு கார்பன் கொண்ட ஒரு டன் கரி, சுமார் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கார்பனைத் தன்னுள் வைத்திருக்கிறது.

இதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. ஹைதராபாதிலுள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் பீப்பாயையே கரிச் சூளையாக மாற்றி வடிவமைத்திருக்கிறது. இத்தகைய சூளையில், ஈரத்தை வெளியேற்றும் அடர்ந்த வெண்புகை அடங்கி மெல்லிய நீலப்புகை எழும் தருணத்தில் மூடியை இட்டு, காற்று நுழையும் துளைகளையும் விளிம்பையும் சேற்றால் அடைத்துவிட வேண்டும். பிந்தினால் கரி சாம்பலாகும், முந்தினால் குச்சி அரைவேக்காடாக நிற்கும். இராமநாதபுரம் பகுதியில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவோரும் புகையின் நிறத்தைக் கொண்டே பதம் பார்க்கின்றனர் என்பதால், இத்தொழில்நுட்பத்துக்கு வேண்டிய கைத்திறன் தமிழகத்துக்குப் புதிதன்று.

உயிரிக்கரியை உரம் என்று விற்பது தவறு. அதன் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைக்கின்றன, அதன் பரப்பிலுள்ள மின்னேற்றம் சத்துகள் அடித்துச் செல்லப்படாமல் தடுக்கிறது. ஆனால் பயிருக்குக் கொடுக்க அதனிடம் தழைச்சத்து மிகக் குறைவு. பச்சையாக இட்டால் மண்ணிலுள்ள சத்தையும் தானே ஈர்த்துக்கொள்ளக்கூடும் என்பதால், சாணக் கரைசலிலோ மட்கு எருவிலோ ஊறவைத்தே இட வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான பகுப்பாய்வு, வெப்ப மண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்ததாகவும், மித வெப்ப மண்டலத்தில் சராசரியாக உயர்வே இல்லை என்றும் காட்டியது. அமிலத்தன்மையும் சத்துக் குறைவும் கொண்ட மண்ணிலேயே காரத்தன்மையுள்ள கரி நன்கு உதவுகிறது. பருத்தி மிகுதியாக விளையும் கரிசலோ ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது. ஆகவே மாரைக் கரிசல் காட்டில் கருக்கினாலும், கரியை அங்கேயே கொட்டாமல், மண் பரிசோதனைக்குப் பின், நீர் நில்லாத செம்மண் மேட்டுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் கொண்டுசெல்வதே பொருத்தமானது.