நாலு தாளில் நாலு பெயர்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெண் போன மாதம் வந்திருந்தாள். கையில் ஐ.டி. கம்பெனி ஆஃபர் லெட்டர். ஆனால் சேரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் முடியவில்லை என்று மெயில் வந்துகொண்டே இருக்கிறது. "எல்லாத் தாளையும் எடும்மா" என்று வாங்கி மேசையில் பரப்பினேன். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது, அதுவும் வேறு ஸ்பெல்லிங்கில். பயோடேட்டாவிலோ வீட்டில் கூப்பிடும் பெயர்.

சனி, ஞாயிறுகளில் பிரெஷர் பிள்ளைகளுக்கு பயோடேட்டா பார்த்துத் தருகிறேன். பத்துப் பேர் வந்தால் பாதிப் பேருக்காவது இந்தச் சிக்கல் இருக்கிறது. இன்டர்வியூவுக்காக ராத்திரி கண்விழித்துப் படிக்கிறார்கள். ஆனால் பயோடேட்டாவின் முதல் வரியான சொந்தப் பெயரைச் சரிபார்ப்பதில்லை.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. பழைய பிறப்புப் பதிவேடுகள் பிரெஞ்சு எழுத்துமுறையில் உள்ளவை. உகரம் வரும் இடத்தில் ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள். தாத்தா முருகன் அப்படி எழுதப்பட்டிருப்பார். அப்பாவின் சான்றிதழில் அது பாதி மாறியிருக்கும். பேரன் மார்க்‌ஷீட்டில் வெறும் யு வந்திருக்கும். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அப்போது அப்பா பெயரை வாய்க்கு வந்த எந்த ஸ்பெல்லிங்கில் பூர்த்தி செய்தார்களோ, அதுவே நிலைத்துவிடுகிறது. பெரும்பாலும் அதைப் பூர்த்தி செய்தவர் ஜெராக்ஸ் கடைக்காரர்.

என்ன செய்வது? முதலில் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பயோடேட்டாவில் அதிலுள்ள பெயரை எழுத்து பிசகாமல் எழுதுங்கள். மார்க்‌ஷீட்டிலேயே பிழை என்றால் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறும் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தவை. ஆகவே அந்தக் காலத்து மார்க்‌ஷீட்டைத் திருத்த வேண்டியது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். இங்குள்ள கல்வித் துறை கவுன்ட்டரில் நின்று நாளைக் கழிக்காதீர்கள். அங்கே "இங்க இல்ல, போங்க" என்பார்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு போர்டில் எழுதி மாட்டுவதற்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

அடுத்தது ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், மையத்துக்குப் போகும்போது பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஆபரேட்டர் தட்டச்சு செய்ததை ஸ்கிரீனில் நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஓகே சொல்லுங்கள். பான் திருத்தத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் திருத்த நேரமில்லை, வேறுபாடும் பெரிது என்றால் இருக்கவே இருக்கிறது அரசிதழ். புதுச்சேரி அரசிதழின் தலைப்பில் இன்றைக்கும் 'லா கசெத் த லெத்தா த புதுச்சேரி' என்று பிரெஞ்சுப் பெயரும் இருக்கும். புரட்டிப் பார்த்தால் உள்ளே பெயர் குறித்து நோட்டரி முன் கொடுத்த அஃபிடவிட்டுகளைக் காணலாம். நீங்கள் எழுத வேண்டியதும் அப்படி ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், பதிவெண், அதிலுள்ள பெயர். ஆதார், அதன் எண், அதிலுள்ள பெயர். பான், அதன் எண், அதிலுள்ள பெயர் என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்த வேண்டும். இவை அனைத்தும் ஒரே ஆளான என்னையே குறிக்கும், இனி இன்ன பெயரிலேயே அறியப்படுவேன் என்று முடிக்க வேண்டும். ஒரு தாளைக்கூட விட்டுவிடாதீர்கள். விட்டுப்போன தாளுக்கு அந்த அஃபிடவிட் உதவாது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். இந்த அஃபிடவிட்டை அரசிதழில் வெளியிடும்படி ஆதாரங்களுடன் அச்சு மற்றும் எழுதுபொருள் துறையில் நேரே கொடுங்கள். கட்டணத்தையும் அந்த அலுவலகத்திலேயே கேட்டுக் கட்டுங்கள். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வாசலில் வருகிறவரிடம் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். ஆஃபர் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. கடைசி செமஸ்டரிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பெயருக்கு அடுத்த பெரிய ஆபத்து பொய் அனுபவம். "ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர், பி.எஃப். வரைக்கும் எல்லாம் வரும்" என்று ஒரு கன்சல்டன்சி சொன்னதாக வில்லியனூர் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "எல்லாரும் பண்றாங்க சார்" என்றான். எல்லாரும் மாட்டுவதும் நடக்கிறது, தம்பி. இல்லாத கம்பெனிகளின் அனுபவக் கடிதத்தைக் காட்டிச் சேர்ந்தவர்களை வேலையை விட்டு நீக்கியதாக 2022 நவம்பரில் அக்சென்ச்சர் இந்தியா வெளிப்படையாகவே அறிவித்தது. அவர்கள் சேர்ந்து, சம்பளம் வாங்கிய பிறகு வந்த நடவடிக்கை அது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று பார்த்துவிடலாம். அதே மாதங்களில் நீங்கள் கல்லூரியில் அரியர் எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு தேதியும் மோதும்.

வேலை போவதோடு முடிகிற விஷயமல்ல இது. போலி ஆவணம் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 336-ஆவது பிரிவின் கீழ் குற்றம். அதை உண்மை போலக் காட்டிப் பயன்படுத்துவது 340-ஆவது பிரிவின் கீழ் குற்றம். விற்றவன் கடையை மூடிவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொள்வான். பயோடேட்டாவின் அடியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? சேருவதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எச்.ஆருக்கு மெயில் எழுதிவிடுங்கள். ஒரு வேலை போகட்டும். மறுபடியும் சொல்கிறேன், பொய் அனுபவம் வேண்டாம்.

அனுபவமில்லாதவர் என்னதான் எழுதுவது? அந்த லாஸ்பேட்டைப் பெண்ணின் பயோடேட்டாவில் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்று ஒரு பிராஜெக்ட் இருந்தது. பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. அதில் ஒரு கேள்வி கேட்டால்கூட அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பேச்சுவாக்கில், அப்பாவின் பால் வியாபாரத்துக்குக் கணக்குப் பார்க்க பைத்தானில் தானே ஒன்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். நாற்பது வீட்டுக் கணக்கு. யார் எந்த நாள் பால் வேண்டாம் என்றார்கள், மாசக் கடைசியில் யார் பாக்கி என்று எல்லாம் வரும். அரை லிட்டர் எடுத்தவர்களுக்கு முதலில் தப்பாகக் கூட்டியதாம். முழு எண்ணாகச் சேமித்ததால் வந்த பிழை என்று கண்டுபிடித்து அவளே மாற்றியிருக்கிறாள். "இதை ஏம்மா எழுதல?" என்றேன். "இது வீட்டு வேலைதானே சார்" என்றாள்.

இன்டர்வியூ எடுப்பவர் தேடுவது இதைத்தான். லைப்ரரி சிஸ்டத்தை அடித்துவிட்டு நாலு வரி எழுதினோம்: என்ன பிரச்னை, எதில் எழுதியது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எந்தப் பிழை வந்தது, எப்படித் தீர்ந்தது. அந்த புரோகிராமை கிட்ஹப்பில் போட்டு லிங்க் கொடுத்தோம். வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் அதற்குள் இருந்தன, அவற்றை முதலில் எடுக்கச் சொன்னேன். ஸ்கில்ஸ் என்று பதினாலு மொழி எழுதியிருந்தாள். கேள்வி கேட்டால் அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மூன்றை மட்டும் விட்டுவைத்தோம். கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே ஃபார்மட்டைக் கொடுத்து, அதே 'ஆப்ஜெக்டிவ்' வரியை அறுபது பேருக்கும் ஒட்டி அனுப்புகிறார்கள். பிளேஸ்மென்ட் பார்க்கிற ஆசிரியர்கள் ஒரு மாணவரின் தாளையாவது உட்கார்ந்து படித்திருந்தால் இந்தப் பால் கணக்கு வெளியே வந்திருக்கும். அந்த ஆப்ஜெக்டிவ் வரியையும் எடுத்துவிடுங்கள்.

அரியர் இருந்ததையும் படிப்பில் இடைவெளி விழுந்ததையும் மறைக்காதீர்கள். ஒரு பக்கம் போதும். கலர் டெம்ப்ளேட்டைப் படமாகச் சேமித்து அனுப்பாதீர்கள். கம்பெனியில் பயோடேட்டாவை வடிகட்டும் சாப்ட்வேருக்கு படத்திலுள்ள எழுத்து சரியாகப் படிக்க வராமல் போகலாம். பி.டி.எஃப்.ஐத் திறந்து ஒரு வரியை காப்பி செய்து பாருங்கள், எழுத்தாக வந்தால் சரி.

அப்பா பெயர், சாதி, மதம், திருமணமானவரா என்பதெல்லாம் வேண்டாம். ஆதார் எண் வேண்டவே வேண்டாம். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தால் பைலை டெஸ்க்டாப்பிலிருந்தும், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டு, மெயிலை லாக்அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள். வேறு பிள்ளைகளின் பயோடேட்டாக்கள் ஆதார் எண்ணோடு டெஸ்க்டாப்பில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். சேரும்போது அடையாளம் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

பயோடேட்டாவில் இருக்கும் போன் நம்பரைப் பிடித்துத்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். டெபாசிட், லேப்டாப் கட்டணம், டிரெயினிங் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பணம் கட்டாதீர்கள். மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் இணையதளத்தில் பதிவு செய்வது இலவசம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று இளைஞர்களை அழைத்துப்போய் மியான்மருக்குள் அடைத்து வைத்ததைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. வெளிநாடு என்றால் ஏஜென்ட் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம். ஆனால் அதே மேசையில், அதே நேரத்தில் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதத்திலும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய ஆஃபர் லெட்டர் ஆகியவற்றோடு சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள். "இது எங்க எல்லையில வராது" என்று எந்த ஸ்டேஷனிலாவது சொன்னால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி எல்லை பார்க்காமல் பதிவு செய்யலாம் என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதை ஆஃபர் லெட்டரோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.