ஆன்ட்டிவைரஸ் ஏன் ஏற மறுக்கிறது?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த ஆன்ட்டிவைரஸ் பெட்டியைப் பிரித்து, அதில் இருக்கும் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அடித்த பிறகும் ‘ஆக்டிவேஷன் தோல்வி’ என்று திரையில் வந்தால், கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதற்கு முன்னால், திரையின் கீழ் மூலையில் தெரியும் தேதியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பல மாதம் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அந்தத் தேதி சில ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையில்கூடத் தருவார்கள். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான்; அது தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் தன் பிறந்த காலத்துக்கே திரும்பிவிடுகிறது.

தேதிக்கும் ஆக்டிவேஷனுக்கும் என்ன தொடர்பு? எண்ணை அடித்ததும் கம்ப்யூட்டர் அந்த நிறுவனத்தின் சர்வரோடு பேசப் போகிறது. ‘நான் அசல்தான்’ என்று காட்ட சர்வர் ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். இப்போது நடப்பது 2009 என்று நம்பிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். ஆகவே பேச்சை அங்கேயே முறித்துக்கொள்கிறது. இன்டர்நெட் நன்றாக இருக்கும்போதே ‘இணைப்பு இல்லை’ என்று செய்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தேதியையும் நேரத்தையும் திருத்திவிட்டு மறுபடி முயன்றால் வேலை முடிந்துவிடும். மறுநாள் தேதி திரும்பவும் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும்.

மற்ற சாஃப்ட்வேர்கள் இப்படியெல்லாம் முரண்டு பிடிப்பதில்லையே என்று கேட்கலாம். வீடியோ பிளேயரோ போட்டோ எடிட்டரோ வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவை. ஆன்ட்டிவைரஸ் அப்படி அல்ல. எந்த ஃபைல் திறந்தாலும் அதற்கு முன்னால் தான் பார்த்தாக வேண்டும் என்பதால், விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரை போய் உட்காருகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு அனுப்பிய பிழையான ஒரே ஒரு அப்டேட் ஃபைல், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. அதை எந்த ஹேக்கரும் செய்யவில்லை. நம் ஊர் விமான நிலையங்களிலும் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பல கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழித்துத்தான் மீட்க முடிந்தது. அவ்வளவு ஆழத்தில் இடம் கேட்கும் ஒன்று, அங்கே ஏற்கெனவே வேறொருவர் இருந்தால் எப்படி உள்ளே போகும்?

இன்ஸ்டால் ஆகாத பல கம்ப்யூட்டர்களில் கதை இதுதான்: அங்கே ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறார். புது லேப்டாப்பில் கம்பெனியே சில நாள் இலவசமாகப் போட்டு அனுப்பும் ஆன்ட்டிவைரஸ் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதன் காலம் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் அது அங்கேயேதான் இருக்கும். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 ஆனாலும் புனேயின் குயிக் ஹீல் ஆனாலும், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் கூடாது என்பது பொது விதி. ஒரே ஃபைலை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தால் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். அதனால்தான் புதிது, பழையதைக் கண்டதும் உள்ளே வர மறுக்கிறது.

பழையதை கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கியாகிவிட்டது. அப்படியும் ‘வேறு பாதுகாப்பு சாஃப்ட்வேர் உள்ளது’ என்கிறதா? சாதாரண அன்இன்ஸ்டால் டிரைவர்களையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் சில சமயம் அப்படியே விட்டுவிடும். இதற்காகவே மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கி, அவாஸ்ட், ஈசெட் போன்ற நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தனியாக ஒரு நீக்கும் கருவியை இலவசமாக வைத்திருக்கின்றன. ஈசெட்டின் கருவியைச் சேஃப் மோடில்தான் இயக்க வேண்டும்.

அடுத்ததுதான் பலர் சறுக்கும் இடம். ‘கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், அப்படியும் சரியாகவில்லை’ என்பார்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் கொடுத்தால், கெர்னலை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி போடும்போது அதையே எடுத்துப் போடுகிறது. நீக்கியதாக நாம் நினைக்கும் டிரைவரும் அதோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே நீக்கிய பிறகு ஒரு ரீஸ்டார்ட், அதன்பின் இன்ஸ்டால், மறுபடி ஒரு ரீஸ்டார்ட். இந்த ஒழுங்கைப் பின்பற்றினாலே பாதித் தொல்லை தீரும்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை மட்டும் யாரும் நீக்க வேண்டியதில்லை. வேறொரு ஆன்ட்டிவைரஸ் முறைப்படி பதிவானதும் அது தானே ஒதுங்கிக்கொள்ளும்; பொதுவாக அந்த ஆன்ட்டிவைரஸின் காலம் முடிந்ததும் தானே திரும்பி வரும். யூடியூப் வீடியோவைப் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து டிஃபெண்டரை முடக்குபவர்கள், கடைசியில் இரண்டு காவலும் இல்லாமல் நிற்கிறார்கள்.

பழைய விண்டோஸ் வேறு வகைத் தடை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. இன்றைய சாஃப்ட்வேர்கள் ஷா-2 என்ற புதிய முறையில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வருகின்றன. வாங்கிய நாளிலிருந்து அப்டேட்டே செய்யாத விண்டோஸ் 7-க்கு அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கத் தெரியாது. அசலையே போலி என்று தள்ளிவிடும். புது லேப்டாப்பிலும் தடை இருக்கலாம்: விலை குறைந்த சில லேப்டாப்கள் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை மட்டுமே ஏறும். பெட்டியில் வாங்கியது ஏறாது. எஸ் மோடிலிருந்து வெளியேறக் கட்டணம் இல்லை, ஆனால் திரும்ப உள்ளே போக முடியாது.

எண்ணிலேயே சிக்கல் இருப்பதும் உண்டு. பூஜ்யமும் ஓ எழுத்தும், எட்டும் பி எழுத்தும் கண்ணை ஏமாற்றும். புதுப்பிக்கும் எண்ணைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய அடித்தால் எடுக்காமல் போகலாம். ஒரு நாட்டில் விற்றது இன்னொரு நாட்டில் செல்லாமல் போகலாம். ஒரு கம்ப்யூட்டருக்கான எண்ணைப் போட்டபின் ஃபார்மட் செய்தால், சர்வர் அதை இரண்டாவது கம்ப்யூட்டர் என்று எண்ணிவிடக்கூடும். ஃபார்மட்டுக்கு முன்னால் நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து பழைய பதிவை விடுவிப்பதும், ரசீதை போட்டோ எடுத்து வைப்பதும் உதவும்.

எல்லாவற்றையும் விடக் கவலைக்குரியது, வைரஸே கதவைச் சாத்தியிருப்பது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர், தான் புகுந்த கம்ப்யூட்டர்களில் ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாமல் செய்தது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் செய்த உபாயம் அழகானது. கண் டாக்டர் காட்டும் அட்டை போல ஒரு பக்கத்தை உருவாக்கி, அந்த நிறுவனங்களின் தளத்திலிருந்தே சில படங்களை அதில் வரவழைத்தார்கள். படம் தெரியாவிட்டால் நோய் இருக்கிறது என்று பொருள். இன்றும் அதே சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம். செய்தித் தளங்கள் திறந்து, பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் வரிசையாகத் திறக்க மறுத்தால் சந்தேகப்பட வேண்டும். அப்போது விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை இயக்கலாம்; விண்டோஸ் முழுதாக விழிப்பதற்கு முன்பே அது தேடத் தொடங்கும். 2017-இல் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இத்தனையும் செய்து அலுத்துப்போனவர்தான் மோசடிக்காரர்களுக்கு வேண்டிய ஆள். அவர் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடுவார். முதலில் தெரியும் எண் போலியாக இருக்கக்கூடும். மறுமுனையில் பேசுபவர் கம்ப்யூட்டரை ரிமோட்டில் எடுத்து, கறுப்புத் திரையில் நாலு வரி ஓடவிட்டு, உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது என்று மிரட்டுவார். உண்மையான நிறுவனத்தின் ஊழியரும் ரிமோட்டில் வருவது உண்டு. ஆனால் அவர் ஓ.டி.பி.யோ யூ.பி.ஐ. பின்னோ கேட்கமாட்டார். எனவே உதவி எண்ணைப் பெட்டியின் மேலிருந்தோ, சாஃப்ட்வேரின் உதவிப் பக்கத்திலிருந்தோ மட்டுமே எடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, அடுத்த நிமிடமே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் வங்கியால் அதை முடக்கிவைக்க முடியும்.